பெட்ரோல் நாற்றம்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் லாண்டரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக அள்ளி வந்து, துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மறுநாள் மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். ஆரம்பித்தவர் என்னவோ அவள் புருஷன்தான். அவருக்கு முதுகு போனபிறகு துவைக்கிற மெஷின்களுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பட்டன் அழுத்துவதோடு சரி. கணக்கு வழக்கு, ஆள் அம்பு, லாட்ஜ்காரர்களோடு மல்லுக்கட்டு எல்லாம் அவள் தலையில். வண்டி ஓட்டுவது மட்டும் கொழுந்தன் வேலையாக இருந்தது. அவனுடைய மனைவி, அதாவது இவளுக்கு ஓரகத்தி, பெரிய இஸ்திரி உருளையில் விரிப்புகளை நுழைத்து எடுப்பாள். ஆக மொத்தம் குடும்பமே அந்த ஆவிக்குள்தான் வெந்துகொண்டிருந்தது.

வண்டி ஒரு பழைய பிக்கப். இடதுபக்கக் கதவை வெளியிலிருந்து யாராவது திறந்துவிட்டால்தான் இறங்க முடியும். மேலே தார்பாய் கட்டி, பின்னால் மூட்டைகளை அடுக்குவார்கள். இத்தனை வயதான வண்டி ஒருநாளும் படுத்ததில்லை என்பதில் லாண்டரியக்காவுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அந்தப் பெருமையில் கொழுந்தனுக்கு எவ்வளவு பங்கு என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

முதல் புகார் பெரிய லாட்ஜின் மேனேஜரிடமிருந்து வந்தது.

“என்னம்மா இது, ரூமுக்குள்ள போனா பெட்ரோல் பங்க்ல படுத்த மாதிரி இருக்குன்னு கஸ்டமர் கத்தறாரு. துவைச்சீங்களா, இல்ல பெட்ரோல்ல முக்கி எடுத்தீங்களா?”

அவள் ஒரு விரிப்பை முகர்ந்து பார்த்தாள். உண்மைதான். மறுநாள் வண்டியில் ஏறி முகர்ந்தாள். சீட்டு, தார்பாய், ஏன், கொழுந்தனின் சட்டைகூட அதே வாடை. அதற்கு முன்பே அவளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. வாரம் முழுக்க ஓடிய டாங்க் இப்போதெல்லாம் வாரத்தின் பாதியிலேயே காய்ந்துவிடுகிறது. ரெண்டையும் அவள் மனசு தானாகவே முடிச்சுப் போட்டது. போட்ட முடிச்சை அவிழ்த்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. சீட்டுக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு சின்ன கேன் கையில் அகப்பட்டபோது அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனை எல்லார் முன்னாலும் நிறுத்தினாள்.

“எத்தனை நாளா நடக்குது இது?”

“எது அண்ணி?”

“அண்ணியாம் அண்ணி. இந்த கேன்ல என்ன?”

“பெட்ரோல். பிளக் கழுவறதுக்கு. அடிக்கடி கரி புடிச்சுப் போயி…”

“கதை விடாத தம்பி. பிளக் கழுவ ஒரு கேனா? கழுவுவியா, இல்ல நீச்சலடிக்க விடுவியா?”

மடிப்பு மேஜையில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மெஷினின் கண்ணாடிக் கதவுக்குள் சுற்றும் வெள்ளைத் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உருளையண்டை நின்ற மனைவியைக் கொழுந்தன் பார்க்கவில்லை. கையில் தூக்கியிருந்த மூட்டையைப் போட்டுவிடாமல், நிதானமாக அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து, சாவியை மேஜைமேல் வைத்தான். வெளியே நடந்தான். அவன் பேசாமல் போனதே திருட்டுக்குச் சாட்சி என்று அவள் நினைத்தாள். வாயடைத்துப்போச்சு பார் என்று அன்று சாயங்காலம் புருஷனிடம் சொல்லவும் செய்தாள். மறுநாள் லாட்ஜ் மேனேஜரிடமும், கேட்காமலேயே, சொல்லிவைத்தாள்: “இனிமே வாடை வராது சார். டிரைவரை நிறுத்திட்டேன். கொஞ்சம் கை நீளம்.”

சொன்ன பிறகுதான், அவன் புருஷனோடு கூடப் பிறந்தவன் என்று மேனேஜருக்குத் தெரியுமே என்பது உறைத்தது. மேனேஜர், “அடடா, சொந்தத்துலேயா?” என்று உச்சுக் கொட்டினார். அவள் சமாளித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன்பிறகு அவளே வண்டி ஓட்டினாள். ஓட்டத் தெரிந்தவள்தான். முதல் டாங்க் எப்போதும்போல வாரத்தின் பாதியிலேயே தீர்ந்தது.

பங்க்கில் நின்று பெட்ரோல் முள்ளை அவள் இன்னொரு தடவை பார்த்தாள். நமக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, கியரை நேரத்துக்கு மாற்றுவதில்லை, அதனால்தான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். அடுத்த டாங்க்குக்குப் பார்த்துப் பார்த்து, பூவைத் தொடுவதுபோல ஓட்டினாள். அதுவும் அப்படியே தீர்ந்தது. விரிப்புகளில் வாடையும் போகவில்லை. வாசனைத் திரவத்தைக் கூடுதலாக ஊற்றி அலசச் சொன்னாள்.

“இப்ப பெட்ரோல் நிக்குதாம்மா?” என்று ஒருநாள் சாப்பிடும்போது புருஷன் கேட்டார்.

“நிக்குது.”

அந்த ஒரு வார்த்தை எப்படி அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. அன்றிலிருந்து வழக்கமான பங்க்கை விட்டுவிட்டு, தெரிந்த முகம் இல்லாத வேறொரு பங்க்கில் போடப் பழகினாள். செய்யாத திருட்டுக்கு ஒருத்தனைத் துரத்திவிட்டு, இப்போது திருடியைப்போலப் பதுங்கிப் பதுங்கிப் பெட்ரோல் போடுவது அவள்தான்.

இதில் பெரிய தண்டனை ஓரகத்தி. அவள் வேலையை விட்டு நின்றுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு உருளை முன்னால் நின்றாள். முன்பெல்லாம் “அக்கா, இந்த உறையில ஓட்டை, பாருங்க” என்று நாளுக்குப் பத்துத் தடவை கூப்பிடுகிறவள், இப்போது கிழிந்த உறையை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அவள் கணவன் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறான் என்று மடிப்பு மேஜைப் பெண்கள் குசுகுசுத்தது லாண்டரியக்கா காதில் விழுந்தது. ஸ்டியரிங் பிடித்த கைக்கு மூட்டை. ஏன் அவன் வேறு எங்கேயும் டிரைவராகப் போகவில்லை என்று அவள் யோசிக்கத் தொடங்கி, பாதியிலேயே அந்த யோசனையை அமுக்கிவிட்டாள்.

கடைசியில் வண்டியே பொறுமை இழந்தது. பெரிய லாட்ஜின் பின்வாசலில் அழுக்கு மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது நாலு தடவை இருமியது, கறுப்பாகப் புகையைத் துப்பியது, நின்றேவிட்டது. எவ்வளவு சாவி திருகியும் எழவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஸ்பேனர் அண்ணனின் ஷெட்டில் விட்டார்கள். மெக்கானிக்குக்கு அதுதான் தெருவில் பேர். வேலை செய்கிறபோதும் பேசுவார், செய்யாதபோதும் பேசுவார்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்ததுமே, “அய்யய்ய, அடுப்புக்கரி மாதிரில்ல இருக்கு” என்றார். துடைத்து மாட்டி எப்படியோ கிளப்பினார். இஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்தினார். பிறகு டாஷ்போர்டுக்குள் எட்டிப் பார்த்தவர் சிரித்தார். “இதென்னக்கா, கண்ணுக்குப் பிளாஸ்திரி?”

மீட்டர்களின் ஓரத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அவர் நகத்தால் பிய்த்தார். அடியில் இஞ்சின் படம் போட்ட விளக்கு.

“யாரு ஒட்டினது?”

லாண்டரியக்கா அவர் நகத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தாள். ஒட்டியது கொழுந்தன். ஒட்டச் சொன்னது அவள். ‘அண்ணி, இந்த லைட் விட்டு விட்டு எரியுது, ஒருநாள் ஷெட்ல விட்டுப் பாக்கணும்’ என்று அவன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். ஒருநாள் வண்டி நின்றால் ரெண்டு லாட்ஜ் நிற்கும் என்று இவள் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, ‘கண்ணை உறுத்துது, அதை மூடித் தொலை’ என்றதும் இவள்தான்.

“நான்தான்ணே ஒட்டச் சொன்னேன்” என்றாள்.

“நல்லா சொன்னீங்க” என்றவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பானட்டைத் திறந்தார். இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன கறுப்புப் பெட்டியின் மூடியைத் தூக்கி, ரெண்டு துளைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். “புது வண்டிக்கெல்லாம் ஒரு மெஷினைச் சொருகினா அதுவே சொல்லிடும். இது பழசு, கண்ணடிச்சுத்தான் பேசும். சாவியை மட்டும் போடுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. லைட்டை எண்ணுங்க.”

விளக்கு சிமிட்டியது. ரெண்டு. சின்ன இடைவெளி. மறுபடி ரெண்டு. கொஞ்சம் நின்று, ரெண்டு, அப்புறம் ஆறு. அவள் உதட்டுக்குள் எண்ணிச் சொன்னாள்.

“ரெண்டு குத்தம் எழுதி வச்சிருக்கு. ரெண்டு ஆறுன்னா, பெட்ரோல் அளவுக்கு மேல எரியுதுன்னு அர்த்தம். சைலன்சர்ல ஒரு சென்சார் இருக்கு, அது மூக்கு மாதிரி. அதுதான் இந்தத் தகவலைக் குடுத்தது. சில பேர் என்ன பண்ணுவான்னா, உடனே அந்த சென்சாரைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுவான். நாத்தம் அடிக்குதுன்னு சொன்ன மூக்கை அறுத்தா நாத்தம் போயிடுமாக்கா?”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“முதல் நம்பர்தான் விஷயம். ரெண்டு ரெண்டு. தண்ணி எவ்வளவு சூடாயிருக்குன்னு சொல்ற சென்சார்.” அவர் இஞ்சினுக்குள் குனிந்து, ஒரு பிளாஸ்டிக் முனையைப் பிடுங்கினார். கரண்ட் பார்க்கிற மீட்டரின் ரெண்டு ஊசிகளை சென்சாரின் காலில் வைத்துப் பார்த்தார். “இது சரியாத்தான் சொல்லுது. இஞ்சின் கொதிக்குது, கொதிக்குதுன்னுதான் சொல்லுது. இங்க பாருங்க, வயர் முனையை.” முனைக்குள் பச்சையாகப் பாசிபோல ஏதோ படர்ந்திருந்தது. “களிம்பு. சேதி இந்த இடத்துல கெட்டுப்போகுது. சில நேரம் சுத்தமா அறுந்துபோகும், அப்பதான் லைட் எரியும். மத்த நேரம் அரையும் குறையுமா ஒட்டிக்கிட்டு, இஞ்சின் குளிர்ல நடுங்குதுன்னு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும். அது என்ன பண்ணும், பாவம்? ஐயோ குளிருதேன்னு பெட்ரோலை ஊத்து ஊத்துன்னு ஊத்தும். டாங்க் காலியாகும், பிளக் கரியாகும், புகையெல்லாம் தார்பாய்க்குள்ள போகும். துணி நாறலியா உங்களுக்கு?”

“நாறுச்சு” என்றாள்.

“ஆனா ஒண்ணுக்கா. இந்த நிலைமையில வண்டி இத்தனை மாசம் ஓடினதே பெருசு. முன்னாடி ஓட்டினவர் விடாம பிளக்கைக் கழட்டிக் கழுவியிருக்கணும். இல்லன்னா எப்பவோ படுத்திருக்கும்.” சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியவர், கம்பி பிரஷ் ஒன்றையும் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலையும் வெளியே எடுத்தார். பாட்டிலின் அடியில் கரி படிந்து கிடந்தது. “நான் சொல்லலை? நல்ல ஆளு. எங்கே போயிட்டாரு?”

அவள் ஷெட்டின் வாசலில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஸ்பேனர் பேசிக்கொண்டே அந்த முனையை வெட்டி எறிந்தார், புதிதாக ஒன்றை இணைத்தார், ஃபியூஸைப் பிடுங்கிப் பழைய குற்றங்களை அழித்துவிட்டு, வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். மறுபடி கம்பியை இணைத்தபோது விளக்கு இடைவெளியே இல்லாமல் ஒரே சீராகச் சிமிட்டியது. குற்றம் ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தமாம். குற்றம் வண்டிக்குத்தான் இல்லை.

லாண்டரிக்குள் அவள் நுழைந்தபோது உருளை ஓடிக்கொண்டிருந்தது. அவள் நேராகப் போய் அதன் சிவப்பு பட்டனை அழுத்தினாள். இஸ்திரிச் சத்தம் அடங்கியதும் எல்லோரும் திரும்பினார்கள். புருஷன் முக்காலியிலிருந்து, “என்னம்மா?” என்றார்.

“வண்டியில வயர் கெட்டிருந்துச்சு. அதான் பெட்ரோல் குடிச்சுது. தம்பி ஒரு சொட்டு எடுக்கல. பிளக் கழுவத்தான் கேன். நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.” அதோடு நிறுத்தத்தான் நினைத்திருந்தாள். ஆனால் புருஷனின் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் வந்துவிட்டது. “அவன் சாவியை வச்சுட்டுப் போன அந்த வாரமே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நீங்க கேட்டப்ப நிக்குதுன்னு சொன்னேன்ல, பொய்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நானும் அன்னிக்கு வாயைத் திறக்கலயே” என்று மட்டும் முணுமுணுத்தார்.

லாண்டரியக்கா ஓரகத்தியின் பக்கம் திரும்பினாள். அவள் பாதி நுழைந்து நின்ற விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாம? எங்க வீட்டுல பெட்ரோலை ஊத்தி வைக்க ஒரு சொம்புகூட அதிகமா இல்ல” என்றாள் அவள். “நான் ஏன் தினமும் வந்தேன்னு நினைச்சீங்கக்கா? வேலை கிடைக்காமலா? நான் நின்னுட்டா அவர் எடுத்தது நிஜம்னு ஆயிடும். அதான். என் முகத்தைப் பாக்கறப்பல்லாம் உங்களுக்கு உறைக்கட்டும்னு வந்தேன்.”

“உறைச்சுது.”

“அப்ப சரி. துணி கருகுது, பட்டனைப் போடுங்க.”

மண்டியில் அவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வெங்காய மூட்டைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். அவளைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஏற்கெனவே மனைவி போன் பண்ணிவிட்டாள்போல.

“வயர்தானாமே” என்றான்.

“ஆமா தம்பி. நான் பேசினது தப்பு. பெரிய தப்பு. நீ ஏன் அன்னிக்கே எடுக்கலன்னு அடிச்சுச் சொல்லல?”

“எடுத்தியான்னு நீங்க கேக்கலயே அண்ணி. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். எத்தனை நாளா நடக்குதுன்னுதானே கேட்டீங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது?”

அவள் சந்தேகம் வந்த பிறகும் மூடி மறைத்ததைச் சொன்னாள். வேறு பங்க்குக்குப் போனதைச் சொன்னாள். அதுவரைக்கும் அவன் முகம் இளகித்தான் இருந்தது. அதைக் கேட்டதும் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

“சொல்லாம உன் முகத்தைப் பாக்க முடியாது.”

“சொல்லிட்டீங்க, இப்ப உங்களுக்குப் பாக்க முடியுது” என்றான். அதில் கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“வண்டிக்குத் திரும்பி வா தம்பி.”

“வேண்டாம் அண்ணி. உங்க மேல இருக்கற வருத்தம் போயிடும். ஆனா நாளைக்கு ஒரு துண்டு குறைஞ்சாகூட நீங்க என் பக்கம் பாத்துடக் கூடாதேன்னு கஷ்டப்பட்டுத் தலையைக் குனிஞ்சுக்குவீங்க. அதை நான் பாத்துக்கிட்டே நிக்கணும். ரெண்டு பேருக்கும் வேண்டாத வேலை.” மூட்டையில் கைவைத்தவன், திரும்பாமலே சொன்னான்: “பெரிய லாட்ஜுல வேனுக்கு டிரைவர் கேட்டாங்க. போனேன். கை நீளமான ஆளு வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அதையும் நீங்கதான் சொன்னீங்களான்னு நான் கேக்கல.”

அவள் அங்கேயிருந்து நேராக லாட்ஜுக்குப் போனாள். மேனேஜர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் காத்திருக்கவில்லை. மேஜை முன்னால் நின்று முழுதும் சொன்னாள். தான் சொன்னது பொய் என்றாள். அவன் எடுக்கவில்லை, நான்தான் விசாரிக்காமல் ஊரெல்லாம் தண்டோரா போட்டேன் என்றாள். வரவேற்பில் நின்றிருந்த பெண்கூட எட்டிப் பார்த்தாள். மேனேஜர் போனைக் கையால் மூடிக்கொண்டு, “சரிம்மா, இருக்கட்டும், ஆனா வேற ஆளைப் போட்டாச்சே” என்றார்.

“போட்டா என்ன சார்? நான் உங்ககிட்ட சொன்னதைத் திருப்பி எடுத்துக்கணும். நீங்க யார்கிட்டல்லாம் சொன்னீங்களோ, அவங்ககிட்டயும் நீங்க திருப்பிச் சொல்லணும்.”

அவருக்கு அது விசித்திரமாக இருந்தது. அவள் விடவில்லை. துணி எடுக்கப் போகிறபோதெல்லாம், “சொன்னீங்களா சார்?” என்று கேட்டாள். அவளைக் கண்டாலே மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். தொந்தரவு தாங்காமலோ, புதிய டிரைவர் வேனை மதில்மேல் ஏற்றிவிட்டதாலோ, கடைசியில் அவரே மண்டிக்கு ஆள் அனுப்பிக் கொழுந்தனைக் கூப்பிட்டுக்கொண்டார். தன்னால்தான் அது நடந்தது என்று லாண்டரியக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

ஓரகத்தி இன்னும் உருளையில்தான் நிற்கிறாள். இப்போது கிழிந்த உறையைக் கண்டால் “அக்கா” என்று கூப்பிடுகிறாள், ஆனால் பத்துத் தடவை இல்லை. கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனைப் பார்க்க வருவான். காப்பி குடிப்பான், வாசலோடு போய்விடுவான். வண்டிப் பேச்சை மட்டும் ரெண்டு பேரும் எடுப்பதில்லை.

ஒருநாள் காலை அவள் லாட்ஜின் பின்வாசலில் மூட்டை இறக்கும்போது கை வழுக்கியது. வேனைத் துடைத்துக்கொண்டிருந்த கொழுந்தன் வந்து மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்தான்.

“விடு தம்பி, நான் பாத்துக்கறேன்.”

“புடிங்க அண்ணி, கீழ விழுந்தா மறுபடி துவைக்கணும்.”

ரெண்டு பேருமாகத் தூக்கிப் படியேறினார்கள். மூட்டை ஆளுயரம் இருந்ததால் அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. மேலே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் வேனுக்குத் திரும்பியிருந்தான்.